மூக்குச் சதையும் அகநோக்கி அறுவையும்

திருவண்ணாமலையினின்று வேலூர்க்குச் செல்லும் சாலையில், நகரை அடுத்து அமைந்துள்ளது வேங்கிக்கால். அண்ணாமலை ஒருபுறம் ஓங்கி நிற்க, ஏரி ஒருபுறம் பரந்து கிடக்கும் இவ்வூர் யாம் வளர்ந்த ஊர். ஊர்ப்பெயரின் ஈற்றில் நிற்கும் ‘கால்’ என்பது தமிழிற் பல பொருள் குறித்த ஒரு சொல். காற்றுக்கும் கால் என்று பெயர். நீரோடும் வாய்க்காலுக்கும் கால் என்று பெயர். இவ்விரு கால்களும் ஒருங்கே அமைந்த உறுப்பொன்று மக்கள் உடம்பில் உண்டு. அதுவே மூக்கு. காற்று உட்புகும் வழியும் அது. முகத்தெலும்புகளின் உள்ளே ஊறும் நீர் வடியும் வழியும் அது. இவ்வழிகள் தூர்ந்துபோமாயின் மனிதன் படும் பாடு பெரிது.

எம் தாய்மாமன் அவ்வேலூர்ச் சாலையில் தேநீர்க் கடை நடத்துபவர். பல்லாண்டுகளாக அவர்க்கு மூக்கின் இரு துளைகளும் அடைத்திருந்தன. வாயால் மூச்சு விடுவார். இரவில் நல்லுறக்கம் இல்லை. மணம் என்பதொன்று உண்டென்பதையே மறந்துவிட்டார். ஒருநாள் அடுப்பிலிருந்த பால் அடிப்பிடித்துக் கருகியது. கடையில் இருந்தோர் அனைவரும் முகஞ்சுளித்தனர். கடைக்காரரோ ஒன்றும் அறியாது அப்பாலையே ஆற்றிக் கொடுத்தார். கண்டோர் நகைத்தனர். ஆயின் அடுத்த திங்களில் எரிவாயு உருளையின் குழாய் கசிந்தபோது அதனையும் அவர் அறிந்திலர். சாலையிற் சென்ற ஒருவர் கூவி எச்சரித்ததனால் பெருந்தீங்கு நீங்கிற்று. அதன்பின் எவரும் நகைக்கவில்லை.

அவர்க்கு முன்னரே ஒருமுறை மூக்குச் சதையை எடுத்திருந்தனர். ஓராண்டு கழிவதற்குள் அது மீண்டும் வளர்ந்துவிட்டது. “வெட்ட வெட்ட வளரும், ஆதலின் வெட்டுவதே வீண்” என்று ஊரார் கூறினர், அவரும் அதனை நம்பி வாளாவிருந்தார். இக்கூற்றிற் பாதி மெய், பாதி பிழை. எப்பாதி மெய், எப்பாதி பிழை என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். யாம் மருத்துவம் பயில்வோர் அல்லேம், தமிழ் பயில்வோர். எனினும், வீட்டில் நேர்ந்த இடுக்கண் காரணமாகக் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை, அறிந்த அளவிற் கூறுகின்றோம்.

மூக்கின் அமைப்பு

மூக்கென்பது புறத்தே தோன்றும் இரு துளைகள் மட்டுமன்று. அதனைச் சூழ்ந்துள்ள எலும்புகளுக்குள் காற்று நிரம்பிய அறைகள் பல உள. இவற்றையே மருத்துவர் ‘சைனஸ்’ என்பர். யாம் காற்றறை என வழங்குவோம். கன்னத்தெலும்பில் ஒன்று, நெற்றியில் ஒன்று, இரு கண்களுக்கும் இடையே தேன்கூடுபோல் நெருங்கிய சிற்றறைகள், அவற்றிற்குப் பின்னே மண்டையின் நடுவே ஒன்று என நால்வகைக் காற்றறைகள் முகத்தின் ஒவ்வொரு பாதியிலும் அமைந்துள்ளன. சிற்றறைகள் பொருந்திய எலும்பிற்கு நெய்யரி எலும்பு என்று தமிழிற் பெயர். நெய்யை வடிக்கும் அரிப்புப்போல் அதன் மேற்றகடு துளையுடையதாக இருத்தலின் அப்பெயர் பொருத்தமானதே. அத்துளைகளின் வழியாகவே மணத்தை உணர்த்தும் நரம்புகள் மூளைக்குச் செல்கின்றன.

இவ்வறைகளின் உட்சுவர் முழுதும் மெல்லிய சவ்வொன்று போர்த்துள்ளது. அது சளியை ஊறச்செய்து கொண்டே இருக்கும். சளியெனின் நோய் என்று எண்ணுதல் தவறு. மூச்சுக்காற்றோடு வரும் தூசியையும் நுண்ணுயிர்களையும் பற்றிக் கொள்வது அதுவே. சவ்வின்மேல் கண்ணுக்குப் புலனாகாத நுண்மயிர்கள் கோடிக்கணக்கில் நின்று, நெற்பயிர் காற்றில் அசைவதுபோல் ஓயாது அசைந்து, அச்சளியை ஒரு திசை நோக்கித் தள்ளிக் கொண்டே செல்லும். ஒவ்வோர் அறைக்கும் மூக்கினுள் திறக்கும் சிறு வாயில் உண்டு. நுண்மயிர்கள் யாவும் அவ்வாயிலை நோக்கியே சளியைச் செலுத்தும்.

இதனை ஏரிக்கும் மதகிற்கும் ஒப்பிடலாம். ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. ஏரியின் மதகு தாழ்ந்த இடத்தில் இருக்கும்; நீர் தானே வடியும். கன்னத்துக் காற்றறைக்கோ வாயில் மேற்புறத்தில் அமைந்துள்ளது. நாம் நிமிர்ந்து நிற்கும்போது அதன் சளி கீழிருந்து மேலேறியே வெளிப்படல் வேண்டும். அவ்வாறு ஏற்றுவன நுண்மயிர்களே. ஆகவே, இங்கு நீர் வடிவது பள்ளத்தால் அன்று, உழைப்பால் என்க. இவ்வொன்றை நினைவிற் கொண்டால் பின்னர்க் கூறுவன யாவும் எளிதில் விளங்கும்.

சதை என்பது யாது

மக்கள் ‘மூக்கில் சதை வளர்ந்துள்ளது’ என்று கூறும்போது பல வேறு பொருள்களை ஒரு பெயரால் வழங்குகின்றனர். மூக்கின் பக்கச் சுவரில் இயற்கையாகவே உள்ள சுருள்தட்டு வீங்கினாலும் சதை என்பர். சிறுவர்க்கு மூக்கின் பின்புறத்தே பெருக்கும் அடினாய்டு என்னும் திசுவையும் சதை என்பர். இவை இரண்டும் வேறு. இங்கு யாம் கூறுவது ‘பாலிப்’ எனப்படும் வளர்ச்சி. உண்மையில் அது சதையன்று. நெடுநாள் அழற்சியால் சவ்வு நீர்கோத்து வீங்கி, தன் நிறையாலேயே தொங்குவது. தோலுரித்த திராட்சைபோல் வெளிறிப் பளபளக்கும். தொட்டால் வலி தோன்றாது. பெரும்பாலும் நெய்யரி எலும்பின் சிற்றறைகளினின்று கிளம்பி, இரு மூக்கினையும் நிரப்பும்.

இவ்வழற்சி எதனால் வருகின்றது? ஒரு காரணம் மட்டும் கூறுதல் இயலாது. இந்நோயாளர் பலரிடம் இயோசினோபில் என்னும் ஒருவகை வெள்ளணு சவ்வினுள் மிகுந்து குவிகின்றது. ஆஸ்துமா என்னும் இரைப்பு நோயுடையார்க்கு இது மிகுதி. சிலர்க்கு இரைப்பு, மூக்குச் சதை, ஆஸ்பிரின் முதலிய வலிமாத்திரைகள் ஒவ்வாமை ஆகிய மூன்றும் ஒருங்கே காணப்படும். அன்னோர் அம்மாத்திரையை உட்கொண்டால் மூச்சுத் திணறி உயிர்க்கே இடர் நேரலாம். நம் நாட்டில் பூஞ்சைக்கு ஒவ்வாமையுற்ற மூக்கில் தோன்றும் சதையும் அரிதன்று.

மூக்கடைப்பு, சளியொழுக்கு, முகத்தில் பாரம், மணம் அறியாமை ஆகிய குறிகள் பன்னிரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்குமாயின் அதனை நாட்பட்ட நோயாகக் கொள்வர். ஒரு குறிப்பு இங்கு இன்றியமையாதது. சதை ஒரு பக்கத்து மூக்கில் மட்டும் தோன்றினாலும், குருதி கசிந்தாலும், கண் பிதுங்கினாலும், பார்வை மாறினாலும் காலந்தாழ்த்தலாகாது. அது வேறு கட்டியாகவோ, புற்றாகவோ இருத்தல் கூடும்.

பண்டையோர் செய்த முறைகள்

இந்நோய் புதிதன்று. கிரேக்க நாட்டு ஹிப்பாக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்களில் இதனை நீக்கும் முறையொன்று காணப்படுகின்றது. கடற்பஞ்சினை நூலிற் கட்டி, நூலை மூக்கின் வழியே செலுத்தி வாயால் வாங்கி, பஞ்சு சதையைப் பிடுங்கிக்கொண்டு வருமாறு இழுப்பராம். நம் நாட்டில் வாக்படர் இயற்றிய அட்டாங்க இருதயம் என்னும் ஆயுர்வேத நூல் மூக்கினுள் தோன்றும் வளர்ச்சிக்கென இரண்டு விரற்கடை நீளமுள்ள குழற்கருவி ஒன்றைக் கூறுகின்றது. உள்ளே பார்த்துச் செய்தல் வேண்டும் என்னும் எண்ணம் அக்காலத்தேயே இருந்தது என்பதற்கு இது சான்று. ஆயினும், குழலின் வாயிற்குட்பட்ட சிற்றிடமே அவர்க்குப் புலப்பட்டிருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நியூயார்க்கிலிருந்த கால்டுவெல் என்பார் 1893 ஆம் ஆண்டிலும், பாரிசிலிருந்த லூக் என்பார் 1897 ஆம் ஆண்டிலும் தனித்தனியே ஒரு முறையை வெளியிட்டனர். மேலுதட்டின் உட்புறத்தே கீறி, கன்னத்தெலும்பைத் துளைத்து, அறையினுள் இருந்த சவ்வைச் சுரண்டி எடுத்து, அறையின் அடியில் புதியதொரு துளையும் இடுவர். இருவர் பெயராலும் வழங்கிய இம்முறை நெடுங்காலம் உலகெங்கும் நிலவியது. மூக்கின் வழியே நெய்யரி எலும்பைத் திறப்பதோ இன்னும் அச்சம் விளைப்பதாயிருந்தது. அதன் ஒருபுறம் கண், மேற்புறம் மூளை. ஒளியும் உருவமும் சரியாகப் புலப்படாத அவ்விடுக்கில் கருவியை ஓட்டுதல் ஒருவனைக் கொல்வதற்கு எளிய வழிகளுள் ஒன்று என்று அமெரிக்க மருத்துவர் மோஷர் 1929 ஆம் ஆண்டில் எழுதினார். அவர் அவ்வறுவையை நன்கு அறிந்தவர் என்பதை நோக்க, அச்சொல்லின் வன்மை புலனாகும்.

கண்டு செய்யும் காலம்

இக்குறை தீர மூன்று முயற்சிகள் ஒன்றுகூடல் வேண்டியிருந்தது. முதலாவது கருவி. 1901 ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹிர்ஷ்மன் என்பார் சிறுநீர்ப்பையைக் காணும் குழலைத் திருத்தி மூக்கின் காற்றறையை நோக்கினார். எனினும் அக்குழலிற் கண்ட உருவம் மங்கியது. 1959 ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹாப்கின்ஸ் என்னும் பேராசிரியர், குழலினுள் சிறு கண்ணாடிகளை இடைவெளிவிட்டு வைத்தலை ஒழித்து, நீண்ட கண்ணாடிக் கோல்களையே வரிசையாக வைத்தார். உருவம் பன்மடங்கு தெளிவுற்றது. ஜெர்மானியராகிய கார்ல் ஸ்டார்ஸ் என்பார் வெளியிலிருந்து நுண்ணிழைகளால் ஒளியைக் கொணரும் ஏற்பாட்டை அதனோடு இணைத்தார். இதுவே எண்டோஸ்கோப்பு எனப்படும் அகநோக்கி. பருமன் நான்கு மில்லிமீட்டர். நேரே நோக்குவதும், 30, 45, 70 பாகை சாய்ந்து நோக்குவதுமாகப் பலவகை உண்டு. ஆதலின் மூலையின் அப்புறத்தையும் காணலாம்.

இரண்டாவது, கதிர்ப்படம். ஹவுன்ஸ்பீல்டு என்பார் உருவாக்கிய சி.டி. ஸ்கேன் 1971 ஆம் ஆண்டில் முதன்முதலாக நோயாளி ஒருவர்க்குப் பயன்பட்டது. கருவி உட்புகுமுன்னரே எலும்பின் ஒவ்வொரு சுவரையும் மருத்துவர் படத்தில் அறிந்துகொள்ள அது வழி செய்தது.

மூன்றாவதே முதன்மையானது, அஃது ஓர் உண்மை. ஆஸ்திரிய நாட்டுக் கிராஸ் நகரிலிருந்த மெஸ்ஸர்கிளிங்கர் என்னும் மருத்துவர் சளி செல்லும் வழிகளைப் பல்லாண்டு நுணுகி நோக்கினார். கன்னத்தறையின் அடியில் எத்துணைப் பெரிய துளை இட்டாலும், நுண்மயிர்கள் சளியை அத்துளைவழி விடாது, அதனைக் கடந்து மேலேற்றிப் பழைய இயற்கை வாயிலுக்கே கொண்டு செல்லுதலைக் கண்டார்.  மேலும், நெய்யரியின் முற்பகுதியிலுள்ள குறுகிய இடுக்குகளில் சவ்வும் சவ்வும் ஒட்டிக்கொள்ளும்போது நுண்மயிரின் ஓட்டம் நின்றுவிடும் என்பதையும், கன்னத்தும் நெற்றியிலும் உள்ள பெரிய அறைகளின் நோய்க்கு அவ்விடுக்கே பெரும்பாலும் வேர் என்பதையும் காட்டினார். 1978 ஆம் ஆண்டில் அவர் நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அவர் மாணவர் ஸ்டாம்பர்கரும், அமெரிக்காவிற் பணியாற்றிய கென்னடியும் 1985 ஆம் ஆண்டு முதல் இக்கொள்கையை உலகெங்கும் பரப்பினர். கென்னடி இட்ட பெயரின் முதலெழுத்துக்களைக் கூட்டி இன்று நம் மருத்துவர் ‘ஃபெஸ்’ என்பர். சவ்வைச் சுரண்டி எறியாது, இயற்கை வாயிலைத் திறந்துவிட்டு, உறுப்பின் தொழிலை மீட்டல் என்பதே அதன் கருத்து.

அறுவை நிகழும் முறை

சதை உண்டென்றவுடன் அறுவை செய்வதில்லை. உப்புநீராற் கழுவுதலும், ஸ்டீராய்டு கலந்த மூக்குத் தூவலும், வேண்டுமாயின் சின்னாட்கு ஸ்டீராய்டு மாத்திரையும் முதற்கண் தரப்பெறும். அவற்றால் தீராவிடத்தே அறுவை.

பொதுவாக நோயாளியை மயக்கமுறச் செய்வர். குருதிநாளங்கள் சுருங்குதற்குரிய மருந்தில் நனைத்த பஞ்சினை மூக்கினுள் வைப்பர். உள்ளே குருதி மிகுந்தால் காட்சி மறையும் அன்றோ? பின்னர் ஒரு கையில் அகநோக்கியும் மறு கையில் கருவியுமாக மருத்துவர் பணி தொடங்குவார். அகநோக்கி காட்டும் உருவம் எதிரேயுள்ள திரையிற் பெரிதாகத் தோன்றும். சுழலும் சிறு கத்தியும் உறிஞ்சுகுழலும் ஒன்றாய் அமைந்த கருவி சதையை மட்டும் இழுத்து நறுக்கி அகற்றும். வாயிலை மறைத்து நிற்கும் கொக்கி வடிவான மெல்லெலும்பை எடுத்தவுடன் கன்னத்தறையின் இயற்கை வாயில் புலப்படும், அதனை அகலப்படுத்துவர். அடுத்து நெய்யரியின் சிற்றறைகளை ஒவ்வொன்றாகத் திறப்பர். நோயின் அளவிற்கேற்ப மற்றை அறைகளும் திறக்கப்பெறும். முகத்தில் புறவடு ஒன்றும் இராது. பலர் அன்றோ மறுநாளோ வீடு திரும்புவர்.

இடரே இல்லை என்று கூறுதல் உண்மையாகாது. நெய்யரிக்கும் கண்ணுக்கும் இடையேயுள்ள எலும்பிற்கு இலத்தீனில் காகிதத் தகடு என்றே பெயர்; அத்துணை மெல்லியது. மேற்கூரையும் அவ்வாறே. கண்ணுக்கு ஊறு, மூளைநீர்க் கசிவு, மிகுந்த குருதிப்போக்கு ஆகிய பெருந்தீங்குகள் நேர்தல் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று, அல்லது அதனினும் குறைவு. எனவே தேர்ந்த கையும் முன்னதாக எடுத்த ஸ்கேன் படமும் இன்றியமையாதன.

இக்கலையின் அருமையை நம் தமிழ்நாடு 2021 ஆம் ஆண்டிற் கண்டது. கொரோனா நோயினின்று மீண்டோர் சிலரை, அவருள்ளும் நீரிழிவுடையாரை, கரும்பூஞ்சை என்னும் நோய் பற்றியது. மூக்கிற் புகுந்து கண்ணையும் மூளையையும் நாடும் அக்கொடு நோயை, அறிந்தவுடன் அரசுக்கு அறிவித்தல் வேண்டிய நோயாக அவ்வாண்டு மே திங்களில் நம் அரசு விதித்தது. அப்போது மருந்தோடு உயிர்காத்த துணை இவ்வகநோக்கி அறுவையே. மூக்கடைப்பைத் தீர்க்கப் பயின்ற கைகள் அந்நாளில் அழுகிய திசுவை அகற்றிப் பலரைக் காத்தன.

மீண்டும் வளருமா?

நிற்க. ஊரார் கூற்றிற்கு வருவோம். மீண்டும் வளரும் என்பது மெய்யே. பெல்ஜியத்தில் ஒரு மருத்துவக் குழுவினர் இவ்வறுவை செய்துகொண்ட சிலரைப் பன்னிரண்டு ஆண்டு தொடர்ந்து நோக்கி, 2019 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஐவரில் நால்வர்க்கு ஏறத்தாழச் சதை மீண்டும் தோன்றியிருந்தது. ஆயின் மறு அறுவை வேண்டியிருந்தவர் மூவரில் ஒருவர்க்குச் சற்று மிகுதியானவரே. பன்னிரண்டாம் ஆண்டிலும் அவர்தம் துன்பம் அறுவைக்கு முன்னிருந்ததினும் குறைவாகவே இருந்தது. எனவே, ‘வெட்டுவது வீண்’ என்பது பிழை.

ஏன் வளர்கின்றது? வாயிலைத் திறத்தலால் அடைப்பு நீங்கும். அழற்சியுறும் சவ்வின் இயல்பு நீங்காது. அடைப்பே நோயின் முழு வேர் என்று எண்ணிய காலம் உண்டு. சதை நோயில் சவ்வின் அழற்சியே முதல் என்பது இக்காலத்தார் துணிபு. திறந்த வாயிலின் வழியே மருந்து உட்சென்று சவ்வை அடைகின்றது என்பதே அறுவையின் பெரும்பயன். அடைத்த மூக்கில் மருந்தைத் தூவுதல் மதகு மூடிய கால்வாயில் நீரை எதிர்பார்ப்பதற்கு ஒப்பாகும். அறுவை வாயிலைத் திறக்கும். திறந்த வாயிலைக் காப்பது அதன்பின் நாளும் செய்யும் பணி. அறுவை நோயின் முடிவன்று, மருத்துவத்தின் தொடக்கம்.

அப்பணி எளியதே. கொதித்து ஆறிய கால் லிட்டர் நீரில் அரைத் தேக்கரண்டிக்கு மேற்படாத உப்பும் ஒரு சிட்டிகை சமையற் சோடாவும் கலந்து மூக்கைக் கழுவுதல் வேண்டும். யோகம் பயில்வோர் கெண்டிகொண்டு செய்யும் ஜலநேதியும் இதுவே. கொதியாத குழாய்நீரும் கிணற்றுநீரும் ஆகா. அரிதாயினும், மூளையைத் தாக்கும் அமீபா அந்நீரின் வழியே புகுதல் உண்டு. கழுவிய பின் மருத்துவர் தந்த தூவலை விடாது பயன்படுத்தல் வேண்டும். அறுவைக்குப் பின் சில வாரங்கள் மருத்துவரிடம் சென்று உள்ளே படியும் பொருக்குகளை நீக்கிக்கொள்ளுதலும், முதற் சின்னாட்களில் மூக்கை வலிந்து சிந்தாதிருத்தலும் வேண்டும். இவற்றாலும் அடங்காத நோய்க்கு டூபிலுமாப் முதலிய ஊசிமருந்துகள் உள. அமெரிக்காவில் 2019 ஆம் ஆண்டில் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்ற அம்மருந்தின் விலையோ எளியோர்க்கு எட்டாதது.

எம் தாய்மாமன் இரண்டாம் முறை ஸ்கேன் எடுத்து, அகநோக்கி கொண்டு அறுவை செய்துகொண்டார். சில வாரங்களில் இஞ்சி தட்டும் மணம் தமக்குத் தெரிகின்றதென்று கடைக்கு வந்தோர்க்கெல்லாம் கூறினார். ஆறு திங்கள் கழிந்தபின், நலமாகிவிட்டதே என்று கழுவுதலையும் தூவலையும் நிறுத்திவிட்டார். எம் வீட்டாரும், யாமும் உள்பட, ‘இனி எதற்கு மருந்து?’ என்றே எண்ணினோம். அடைப்பு மெல்லத் திரும்பியது. மருத்துவர் நோக்கி, சிறு சதை தோன்றியுள்ளதென்று கூறி, மருந்தை மீண்டும் தொடங்கச் செய்தார். இம்முறை அறுவையின்றியே அடங்கிற்று. முதல் அறுவைக்குப் பின்னர் இச்செய்தியை எவரேனும் அவர்க்கு எடுத்துரைத்திருப்பின், எரிவாயுக் கசிவை அறியாது நின்ற அந்த நாள் நேர்ந்திராது என்று யாம் எண்ணுவதுண்டு.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என மருத்துவத்தை நான்காகப் பகுத்துள்ளார். அகநோக்கி அறுவையில் மருத்துவர்க்குரிய பங்கு ஓரிரு மணி நேரத்தில் முடிகின்றது. ஏனை மூன்றும் ஆண்டுக்கணக்கில் நீள்கின்றன. அவற்றுள் உடனிருப்போன் பங்கு நம்மைப் போன்ற மாணவர்க்குரியது. 1900 ஆம் ஆண்டில் வேலூரில் ஐடா ஸ்கட்டர் அம்மையார் ஒரே படுக்கையோடு தொடங்கிய பணி இன்று பெருமருத்துவமனையாய் நிற்கின்றது. திருவண்ணாமலையிலும் 2013 ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடைபெறுகின்றது. மருத்துவர் நமக்கு அருகில் உள்ளனர். வீட்டிலோ அண்டையிலோ மூக்கடைத்து, மணம் அறியாது, வாயால் மூச்சு விடுவார் ஒருவர் இருப்பின், அவரைக் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதலும், அறுவைக்குப் பின் ‘இன்று மூக்கைக் கழுவினீர்களா?’ என்று நாள்தோறும் வினவுதலும் நம்மால் இயலும். உயிர்மூச்சை மனிதனுக்குக் கடவுள் மூக்கின் வழியே அருளினார் என்று ஆதியாகமம் கூறும். அவ்வழியைத் தூர்ந்துபோகாமற் காத்தல் நம் கடன்.